எல்லாம் மூடியாச்சு, நீ போ

வீட்டில் அவளை ரெண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது பிள்ளை என்பதால் இல்லை. அவள் ஒரே பிள்ளை. எதையும் இரண்டு தரம் செய்யாவிட்டால் அவளுக்கு மனசு அடங்காது, அதனால் அப்பா வைத்த பெயர். கதவைச் சாத்தினால் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்துவாள். அலாரம் வைத்தால் அது அடிக்குமா என்று ஒரு தரம் அடிக்கவிட்டுப் பார்ப்பாள். அதற்குள் வீடே எழுந்து உட்கார்ந்திருக்கும். பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அங்கேயும் ஒவ்வொரு நகலையும் மூலத்தோடு வைத்து மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத்தான் கையை விட்டு விடுவாள்.

"நீ காப்பி எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஒரிஜினலே பழசாயிடும்மா" என்பார் முதலாளி. சலித்துக்கொள்வாரே தவிர, முக்கியமான காகிதம் வந்தால் அவளிடம்தான் நீட்டுவார்.

இந்தப் பழக்கத்தால் ஒருநாள் வீடே எரிந்திருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பியவள், காஸ் அடுப்பை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாள். மூடித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தரம் திறந்து மூடிவிட்டால் நிச்சயமாகிவிடும் என்று திருகைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. அப்படியே ஓடிவிட்டாள். பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு வாசனை எட்டியதால் பிழைத்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா அவளை உட்காரவைத்து ஒரு பிடி பிடித்தாள்.

"மூடினதைத் திறந்து பார்த்து மூடாம போறவளை நான் இப்பத்தான் பாக்கறேன். இனிமே நீ வாசலைத் தாண்டினா தாண்டினதுதான், திரும்பி வரக்கூடாது. நான் சொல்றதைக் கேட்டுக்கோ. எல்லாம் மூடியாச்சு, நீ போ."

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது அம்மா உள்ளேயிருந்து அதையே சொல்வாள். எல்லாம் மூடியாச்சு, நீ போ. அந்தக் குரல் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். ரெண்டுவும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள்.

பிறகு அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டால்தான் ஆள் தப்புவாள் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பேச்சு இருக்காது. மூக்கு வழியாகக் காற்றுப் போகாததால் வாசனையும் தெரியாது.

வேறு வீடாக இருந்தால் எழுதிக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் அதற்கும் வழியில்லை. அப்பாவின் கண்ணைச் சர்க்கரை தின்றுவிட்டிருந்தது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எதிரில் நிற்பது அம்மாவா அலமாரியா என்று அவர் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அம்மா எழுதினால் அவரால் படிக்க முடியாது. சைகை காட்டினால் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள்தான் யோசனை சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால் அன்றாடம் தேவைப்படும் பேச்சையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், வேண்டும்போது தட்டினால் அது பேசும் என்றாள். தண்ணி வேணும், வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு, இப்படி.

"தண்ணி வேணும்னா நானே போய்க் குடிச்சுக்கறேன். அதைச் சொல்றதுக்கா குரலைப் பிடிச்சு வைக்கணும்?" என்றாள் அம்மா.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. முதலாளி கடைக்குப் புதிது வாங்கியபோது ரெண்டுவுக்குக் கொடுத்தது. அதை ஓட்டப் பழகத்தான் அவள் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள். இரவல் வாங்கிய மைக்கை அம்மாவின் முன்னால் வைத்து ஒரு வாரம் பதிந்தார்கள். அம்மாவுக்கு அப்போதே குரல் கரகரத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசப்போகிறவள்போல் ஆரம்பிப்பாள்.

"இந்தாங்க மாத்திரை." "வலது பக்கம் நாற்காலி இருக்கு, பாத்து வாங்க." "இங்கதான் இருக்கேன், எங்கேயும் போகல." அதோடு நின்றாளா என்றால் இல்லை. "ஆமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒன்று. அதையே குத்தலான நொடிப்போடு இன்னொரு மாதிரி. "போதும் உங்க ஜோக்கு." "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, கத்தாதீங்க." "யார் சமையலைக் குறை சொல்றது? அடுத்த வேளை நீங்களே பண்ணிக்கோங்க."

"திட்டுறதையெல்லாம் எதுக்கும்மா பதியறே?" என்றாள் ரெண்டு.

"நான் அன்பா மட்டும் பேசினா வேற யாரோன்னு நினைச்சுக்குவார்."

கடைசியாக அம்மா மகளைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட்டு மைக்கில் சொன்னாள். எல்லாம் மூடியாச்சு, நீ போ.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு கம்ப்யூட்டரை நடு அறையில், அடுப்படிக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் இடையில் போட்டார்கள். ஒரு ஸ்பீக்கர் மேசைமேல், இன்னொன்று நீள ஒயரோடு அப்பாவின் தலைமாட்டில். திரையில் 'அம்மா' என்று ஒரு பெட்டி, அதற்குள் வரிவரியாகப் பேச்சு. தட்டுவதற்கு அம்மாவுக்கு முதலில் விரல் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்ன, வாய் இருந்தபோதுகூட அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

"வெளியில மழை வர்ற மாதிரி இருக்கே" என்பார் அப்பா.

"ஆமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தலைமாட்டில் நொடிக்கும்.

"மெஷின்கூட என்னை மதிக்க மாட்டேங்குது பாரு" என்று அப்பா முகமெல்லாம் சிரிப்பாகப் படுத்திருப்பார்.

இடையிடையே, ஒன்றும் தேவையில்லாதபோதும், வெறுமனே கூப்பிடுவார். "இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன், எங்கேயும் போகல."

அந்தக் கம்ப்யூட்டர்தான் படுத்துக்கொண்டது. ஒரு காலையில் கரண்ட் போய் வந்தபின் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி. ஏதோ ஒரு கோப்பைக் காணோம், அதனால் எழுந்திருக்க முடியாது என்று. எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அதே வரி. ரெண்டு அதை இரண்டு தரமல்ல, இருபது தரம் செய்து பார்த்தாள்.

ரிப்பேர் கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஆபரேட்டிங் சிஸ்டம் போயிடுச்சு. புதுசா போட்டுத் தர்றேன். உள்ள இருக்கறது எதுவும் மிஞ்சாது, பரவாயில்லையா?"

"உள்ள இருக்கறதுக்காகத்தான் அண்ணா அந்த மெஷினே."

"அப்படின்னா நான் கை வைக்கல. நாளைக்கு நீங்க வந்து என் சட்டையைப் பிடிப்பீங்க."

மாலை வகுப்பில் அவள் பக்கத்து இருக்கை தபால்காரருடையது. அவருடைய ஆபீசில் எல்லாமே கம்ப்யூட்டராகிவிட்டதால் நரைத்த தலையோடு வந்து படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, இறக்கி சிடியில் போட்டு மெஷினில் சொருகினால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே சிடியிலிருந்து எழுந்திருக்கும், உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். வகுப்பின் இன்டர்நெட் இணைப்பு ஆமை வேகம். சில சாயங்காலங்கள் கழித்துத்தான் அந்தப் பெரிய கோப்பு முழுசாக இறங்கியது.

முதல் சிடியை அவளே எழுதினாள். கோப்பை இழுத்து சிடிமேல் விட்டாள், எழுது என்றாள், எழுதியது. வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகினால் கறுப்புத் திரையில் அதே வெள்ளை வரி. மறுநாள் வகுப்பில் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, முகம் இப்படி இருக்கு?"

"எழுந்திருக்கல அண்ணா."

தபால்காரர் சிடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். இறக்கிய கோப்பு அப்படியே, ஒற்றை மூட்டையாக உள்ளே உட்கார்ந்திருந்தது. சிரித்துவிட்டார். "கடிதத்தைப் பிரிக்காம உறையோட குடுத்துப் படிடான்னா அது எப்படிம்மா படிக்கும்?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பயம். இவ்வளவு சின்ன விஷயமே தெரியாமல்தானா இதில் கை வைக்கிறோம்?

அந்தக் கோப்பைக் கோப்பாக வைக்காமல், பிரித்துப் பரப்பி எழுதுவதற்கென்று தனியாக ஒரு கட்டளை இருந்தது. இரண்டாவது சிடியை அப்படி எழுதினாள். ஆனால் வகுப்பு மூடும் நேரம். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வாசலில் நின்றார். இருப்பதிலேயே வேகமானதைத் தேர்ந்தெடுத்தாள். அந்த சிடி வீட்டில் எழுந்தது. எழுந்து, திரையில் ஒரு படம் வந்து, பாதியில் நின்றுவிட்டது. டிரைவ் மட்டும் தொண்டையைச் செருமுவதுபோல் உர்ர், உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். சொல்ல வேறு என்ன வழி இருக்கிறது?

வீடு அதற்குள் ஊமையாகியிருந்தது. அப்பா கூப்பிட்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துபோய் அவர் தோளைத் தொட வேண்டும். தொட்டால் அவர் திடுக்கிடுவார். "நீதானா? சொல்லிட்டு வரக்கூடாதா?" என்பார். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

மூன்றாவது சிடியை ரெண்டு இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதினாள். எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார் என்று ஒரு வசதி இருந்தது, அதையும் போட்டாள். ஜெராக்ஸ் கடையில் அவள் செய்யும் அதே வேலையை மெஷின் செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரி என்று வந்தது. நம்பாமல் மறுபடி ஒப்பிடச் சொன்னாள். சரி என்றே வந்தது.

"திங்கட்கிழமை என் தம்பிகிட்ட இருந்து பென்டிரைவ் வாங்கிட்டு வர்றேன். அதுல குரலையெல்லாம் எடுத்துக்கிட்டு, அப்புறம் மத்ததைப் பாரு. அதுவரைக்கும் கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார் தபால்காரர்.

தலையாட்டினாள். சும்மா இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட கையோடு சிடியைச் சொருகினாள், எழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். எழுந்தது. படம் வந்தது, நிற்கவில்லை, மேலே போனது. புது மாதிரித் திரை. தேடிப்பிடித்து ஹார்ட் டிஸ்கைத் திறந்தாள். பழைய வீட்டுக்கு ஜன்னல் வழியாக இறங்கியதுபோல் இருந்தது. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. 'அம்மா' என்ற பெட்டி இருந்தது. கண்ணில் பட்டதைத் தட்டினாள்.

"யார் சமையலைக் குறை சொல்றது?" என்றது தலைமாட்டு ஸ்பீக்கர். "அடுத்த வேளை நீங்களே பண்ணிக்கோங்க."

கட்டில் அசைந்தது. பிறகு அப்பா, "நான் எங்க குறை சொன்னேன்? நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். குரல் உடைந்திருந்தது.

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்துத் துளையில் மூச்சு வேகமாக வந்து போனது. மகளின் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தினாள். போதும் என்று உள்ளங்கையைக் காட்டினாள். இப்படியே இருக்கட்டும், இது போதும்.

போதும்தான். ஆனால் சிடியிலிருந்து ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அம்மாவால் அது ஆகாது. அதைவிட, ஹார்ட் டிஸ்க் டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம் போடுவதாக ரெண்டுவுக்குத் தோன்றியது. காதை வைத்துக் கேட்டாள். போடுகிறது. மறுபடி வைத்துக் கேட்டாள். போடவில்லை. நாளைக்கு எழுந்திருக்காமல் போய்விட்டால்?

அந்த மெஷினின் டிரைவுக்குப் படிக்க மட்டுமே தெரியும், எழுதத் தெரியாது. ஆகவே சிடியில் எடுக்க வழியில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க் இரண்டு பாகமாகப் பிரிந்திருந்தது. முதல் பாகத்தில்தான் செத்துப்போன சிஸ்டமும் அம்மாவின் பெட்டியும். இரண்டாவது காலி. பெட்டியை இரண்டாவதிலும் ஒரு நகல் வைத்தாள். ஒவ்வொன்றாகத் தட்டி, பேசுகிறதா என்று பார்த்தாள். நடு அறையில் அன்று மத்தியானம் முழுக்க அம்மாவின் குரல்தான். மாத்திரை கொடுத்தது, நாற்காலி இருக்கிறது என்றது, திட்டியது, நொடித்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் பாகத்தை மட்டும் அழித்து அதில் புது சிஸ்டத்தைப் போட்டால், இரண்டாவதில் குரல் பத்திரமாக இருக்கும். தவறிப்போய் பாகத்தை மாற்றிப் போட்டுவிட்டாலும் இன்னொன்றில் இருக்கும். தப்பு செய்தாலும் தப்பிக்கிற மாதிரி அமைந்துவிட்டதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக அவள் எதிலும் இருந்ததில்லை.

நிறுவு என்பதைத் தட்டினாள். பக்கம் பக்கமாகக் கேட்டது. எந்த மொழி, எந்த நேரம். பிறகு எங்கே போட வேண்டும் என்று ஒரு பக்கம். முழு ஹார்ட் டிஸ்கையும் அழித்துப் போடு என்று முதல் வரி. அதுதான் தேர்வு என்று அதில் ஏற்கெனவே புள்ளி விழுந்திருந்தது. நானே இடம் காட்டுகிறேன் என்று கடைசி வரி. புள்ளியைக் கடைசி வரிக்கு மாற்றினாள். முதல் பாகத்தைக் காட்டினாள். அடுத்த பக்கத்தில், என்னென்ன செய்யப்போகிறேன் என்று அது எழுதிக் காட்டியது. படித்தாள். முதல் பாகம் அழியும். இரண்டாவது பாகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுபடி படித்தாள். சரியாக இருந்தது.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். அப்பா உள்ளேயிருந்து, "என்ன, ஆச்சா?" என்றார்.

"இதோப்பா."

சரி என்று தட்டக் கை போனது. நின்றது. கடைசி வரியைத்தானே தேர்ந்தெடுத்தோம்? தேர்ந்தெடுத்தோம். கண்ணால் பார்த்தோமா? பார்த்தோம். ஆனாலும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டால் நிச்சயமாகிவிடும்.

பின்னால் போ என்று தட்டிக்கொண்டே போனாள். முதல் பக்கம் வந்தது. மொழி, நேரம் சரியாக இருந்தன. அடுத்து என்றாள். இடம் கேட்கும் பக்கம் வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா, "என்னம்மா ரெண்டு, இன்னும் ரெண்டாவது தரம் முடியலையா?" என்று கேலி பேச, அவள் சிரித்துக்கொண்டே திரும்பி, "வந்துட்டேன்பா, இருங்க" என்றாள். திரும்பியபோது கை அடுத்து என்பதைத் தட்டியிருந்தது. என்னென்ன செய்யப்போகிறேன் என்ற பக்கம் வந்தது. இரண்டு தரம் படித்த பக்கம். மூன்றாம் தரம் படிக்கவில்லை. சரி என்றாள்.

வேலை முடிந்து சிடி தானாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அம்மா அதை எடுத்துத் துடைத்து உறையில் போட்டாள். மெஷின் அணைந்து, சிடி இல்லாமலே, தானாக எழுந்தது. சுத்தமான, வெளிச்சமான திரை. ரெண்டு இரண்டாவது பாகத்தைத் தேடினாள். இரண்டாவது என்று ஒன்று இல்லை. ஒரே பாகம்தான் இருந்தது, பெரிதாக. அதற்குள் போனாள். ஆவணங்கள் என்று ஒரு பெட்டி, இசை என்று ஒரு பெட்டி, படங்கள் என்று ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் காலி. வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கப் போனபோது அந்தப் பக்கம் அவள் வைத்த புள்ளியை வைத்திருக்கவில்லை. பழையபடி முதல் வரிக்கே போயிருந்தது. மூடியிருந்ததைத் திறந்து பார்த்திருக்கிறாள். திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

அம்மா பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். சுட்டுவிரல் மவுசின்மேல் இருந்தது, தட்டுவதற்குத் தயாராக. மகளின் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். விரலை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறந்து மூடியது. உதடு மட்டும்தான் அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. ரெண்டு கேட்கவும் இல்லை.

"என்ன, சத்தத்தைக் காணோம்?" என்றார் அப்பா. "அவளைப் பேசச் சொல்லு. எதாவது சொல்லச் சொல்லு."

ரெண்டு காலிப் பெட்டியை மறுபடி திறந்து மூடினாள்.

"என்ன கோவமா? நான் ஒண்ணும் குறை சொல்லலையே."

ரெண்டு எழுந்து போய் அறை வாசலில் நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அழிஞ்சு போச்சுப்பா."

"எது?"

"அம்மா பேசினது."

"அதான் ரெண்டு இடத்துல வெச்சேன்னியே."

"ரெண்டும் போச்சுப்பா. நான்தான். திரும்பிப் பாக்கப் போனேன்."

அப்பா தலையணையைத் தடவினார். தலைமாட்டு ஸ்பீக்கரில் கை பட்டு அங்கேயே நின்றது.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"என்னைத் திட்டினது?"

"அதுவும்."

"சரி, அது போனா போகட்டும். திட்டுதானே" என்றார். ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தபால்காரர் பென்டிரைவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டவர், கேட்டு முடித்தபின் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அழிந்ததைத் தேடி எடுக்கும் ஒரு புரோகிராமை அவளோடு சேர்ந்து தேடினார். அதையும் ஒரு சிடியில், மெதுவான வேகத்தில், எழுதிக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்கவா என்று அவர் கேட்டதற்கு அவள் வேண்டாம் என்றாள்.

அந்த சிடி ஹார்ட் டிஸ்கை ஒரு நாள் முழுக்கத் துழாவியது. பெயரில்லாத துண்டுகளாக எடுத்துப் போட்டது. தட்டினால் பெரும்பாலானவை இரைச்சல். சில, வாயைத் திறக்காதவை. புது சிஸ்டம் அவற்றின்மேலேயே படுத்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக ஓடியது. நாற்காலி கிரீச்சிட்டது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அவ்வளவுதான், அங்கே அறுந்துவிட்டது.

"அவதான்" என்றார் அப்பா, தலையைத் தூக்கி. "போடு, மறுபடி போடு."

போட்டாள். நாற்காலி, செருமல். மறுபடி போடச் சொன்னார். போட்டாள்.

"வேணாம். நிறுத்திரும்மா" என்றார். "எதோ சொல்ல வர்றா. வந்து வந்து சொல்லாம போயிடறா. இனிமே அதைப் போடாதே."

அம்மா அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே அப்பாவின் தலைமாட்டிலிருந்த ஸ்பீக்கரை எடுத்து, ஒயரைச் சுருட்டி, அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள். வேறு யாரையாவது பேசவைத்துப் பதிந்துகொள்ளலாம், நானே பேசுகிறேன் என்று ரெண்டு ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள். அம்மா மகளை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் தட்டல்தான். ஒன்று தட்டினால் மாத்திரை, இரண்டு தட்டினால் சாப்பாடு. நாற்காலியின்மேல், கட்டில் கம்பியில், அவர் முழங்காலில். அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. மழை வரும்போல என்று சொல்வதில்லை, ஜோக் அடிப்பதில்லை. தட்டலில் நொடிக்க முடியாது.

காலையில் ரெண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். முன்பெல்லாம் குரல் வரும் இடத்திலிருந்து இப்போது ஒன்றும் வராது. அம்மாவுக்கு வாசனை தெரியாது, அப்பாவுக்கு வாசனை எட்டினாலும் போய் மூடக் கண் தெரியாது. அம்மா பின்பக்கம் இருக்கும்போது திருகு திறந்திருந்தால் அதை மூட வீட்டில் ஒருவருமில்லை. போய்ப் பார்க்கலாமா என்று நினைப்பாள். போய்ப் பார்க்கப் போய்த்தானே எல்லாம் போச்சு என்று நினைப்பாள். கால் எந்தப் பக்கமும் நகராது.

அப்படி நின்றிருந்த ஒருநாள், கடைக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பித் தெருமுனைவரை போய்விட்டாள். பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. திரும்பி நடந்து, செருப்பைக் கழற்றாமல், மெதுவாகக் கதவைத் தள்ளினாள். அடுப்படியில் அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். திருகின்மேல் கையை வைத்து மூடி, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி. மகள் வருவாள் என்று தெரிந்து நின்றதுபோல் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கையை எடுக்கவில்லை.

கதவு திறந்த சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

"இருக்கியா?" என்றார் அப்பா. கொஞ்ச நாளாக அவர் கேட்காத கேள்வி.

அம்மாவின் வாய் திறந்தது.

"நான்தான்பா" என்றாள் ரெண்டு.

"ஓ" என்றார் அப்பா. "நீயா."